பெதும்பையின் மாலைப்பொழுது

பெண்ணின் வாழ்நாளைத் தமிழ் இலக்கிய மரபு ஏழு பருவங்களாகப் பகுத்துப் பெயரிட்டிருக்கிறது. தலைவன் வீதியில் பவனி வருவதையும் அவனைக் காணும் பெண்களின் மனநிலையையும் பாடும் உலா என்னும் சிற்றிலக்கிய வகை இந்தப் பகுப்பை அடிப்படையாகக் கொண்டது. அதில் முதலில் வருபவள் 5 முதல் 7 வயது வரையிலான பேதை, அடுத்தவள் 8 முதல் 11 வயது வரையிலான பெதும்பை. இவ்விரு சொற்களும் பேச்சில் வழக்கொழிந்துவிட்டன என்றாலும், அவற்றுக்கிடையே போடப்பட்ட கோடு தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் அழியவில்லை. ஏழு வயது வரை தெருமுனைக்கு ஓடிப்போய் ஓடிப்பிடித்து விளையாடியவள் எட்டு, ஒன்பது வயதில் வாசற்படியோடும், பத்து, பதினொன்றில் கூடத்தோடும் நின்றுவிடுகிறாள். அப்படி நிற்கவேண்டும் என்று எந்த வீட்டிலும் யாரும் உத்தரவு போடுவதில்லை. சின்னச் சின்ன வேலைகளும் சின்னச் சின்ன அச்சங்களும் ஒன்றுசேர்ந்து அதைச் செய்து முடித்துவிடுகின்றன.

பெண்பிள்ளை வளர்ப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் பள்ளிக் கட்டணம், நகை, திருமணச் செலவு, பாதுகாப்பு ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. இவை பெற்றோர் மகளுக்காகச் செலவிடுபவை. கணக்கு நோட்டில் எழுதக்கூடியவை. எந்த நோட்டிலும் ஏறாமல் மகளிடமிருந்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளப்படுவது அவளுடைய நேரம். ஒரு வீட்டில் மகனும் மகளும் ஒரே பள்ளிக்குச் செல்லலாம், ஒரே விலையில் காலணி அணியலாம், ஒரே பாலைக் குடிக்கலாம். ஆனால் காலை எழுவதிலிருந்து இரவு படுப்பதுவரை இருவருக்கும் தத்தம் விருப்பம்போல் கழிக்கக் கிடைக்கும் பொழுதை அளந்து பார்த்தால்தான் அந்த வீட்டின் சமத்துவம் உண்மையில் எவ்வளவு என்பது தெரியவரும்.

இந்தக் கவலையை இன்று எழுப்ப முடிவதே நெடுங்காலப் போராட்டத்தின் பயன். உசிலம்பட்டி வட்டாரத்திலும் சேலம், தருமபுரி பகுதிகளிலும் நடந்த பெண் சிசுக்கொலைகள் நாட்டின் கவனத்துக்கு வந்த பின்னர், பெற்றோர் வேண்டாமென்று விடும் குழந்தைகளை அரசே ஏற்று வளர்ப்பதற்கான தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. கருவிலுள்ள குழந்தையின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்கு எத்தனை பெண் குழந்தைகள் இருக்கின்றனர் என்பதைக் காட்டும் குழந்தைப் பாலின விகிதம் தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 942, 2011-இல் 943. பத்தாண்டு முயற்சிக்குப் பின் கூடியது ஒன்றே ஒன்று. அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்த ஆற்றாமையில் ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் பெயர் சூட்டப்பட்ட பெண்கள் இந்த மண்ணில் இன்றும் தாயாகவும் பாட்டியாகவும் வாழ்கிறார்கள். பெண் குழந்தை பிறக்கலாமா என்ற கேள்வியிலிருந்து, பிறந்தவள் தன் நாளை எப்படிக் கழிக்கிறாள் என்ற கேள்விக்குப் பல குடும்பங்கள் வந்துசேர்ந்திருக்கின்றன. முதற்கேள்விக்குச் சட்டம் இருக்கிறது. இரண்டாவதற்கு வீட்டிலுள்ளவர்களைத் தவிர வேறு காவல் இல்லை.

காலை அரை மணி

பள்ளி நாளின் காலையில் சிறுமி இருக்கும் வீட்டைத் தனித்துக் காட்டுவது தலை பின்னும் நேரம். தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இரட்டைச் சடை சீருடையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. ரிப்பனின் நிறம்கூடப் பள்ளிக்குப் பள்ளி வரையறுக்கப்பட்டது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலைக்குள் நுணுக்கங்கள் பல உண்டு. இரவு படுக்கையில் புரண்டு சிக்கு விழுந்த முடியை உச்சியிலிருந்து இழுத்துச் சீவினால் வலியில் குழந்தை கத்தும். ஆகவே கையால் முடியின் நடுப்பகுதியை இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுக்க வேண்டும். பின் சீப்பின் முனையால் நெற்றியிலிருந்து பிடரிவரை நேர்வகிடு எடுத்து, இரு பக்கத்து முடியையும் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று கால்களாக வகுத்துப் பின்ன வேண்டும். கால் என்பது பின்னலுக்காகப் பிரித்தெடுக்கும் முடிப்பகுதிக்கு வழங்கும் பெயர். பாதிச் சடை முடிந்ததும் ரிப்பனைக் கால்களோடு சேர்த்துக் கடைசிவரை பின்னி, நுனியை முடிந்து, சடையை மேலே மடித்துக் காதுக்குப் பின்னால் பூப்போலக் கட்டிவிட்டால் ஒரு பக்கம் முடியும். மறுபக்கம் அதே உயரத்தில் அமையவில்லை என்றால் கண்ணாடியில் பார்த்த மகள், மறுபடி அவிழ்த்துப் பின்னும்படி அழத் தொடங்குவாள். வாசலில் வேன் ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும்.

சடை மாலைவரை கலையாமலிருக்க இறுக்கிப் பின்னுவது தாய்மாரின் வழக்கம். நெற்றியோரத்து முடி தொடர்ந்து இழுபடும்போது அவ்விடத்தில் முடி மெலிந்து உதிர்வதைத் தோல் மருத்துவர்கள் இழுவை முடியுதிர்வு என்று குறிப்பிடுகிறார்கள். தலைவலிக்கிறது என்று குழந்தை சொல்வது எப்போதும் பள்ளிக்குப் போகாமலிருப்பதற்கான சாக்கு அல்ல. பேன் தொல்லையும் இந்தக் காலைப்பொழுதைச் சேர்ந்ததே. பேனால் பறக்கவோ தாவவோ இயலாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து செல்வதே அது பரவும் முதன்மை வழி, அதனால்தான் நெருங்கி அமர்ந்து விளையாடும் சிறுமியரிடையே அது அதிகம். ஈர் என்று சொல்லப்படும் முட்டை பொரிய ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும் என்பதால், ஒருமுறை மருந்து தடவிப் பேன் சீப்பால் வாரிவிட்டு நிம்மதியடைவதில் பயனில்லை. ஒன்பது பத்து நாள் கழித்து அதை மீண்டும் செய்வதோடு, வீட்டிலுள்ள மற்றவர்களின் தலையையும் பார்த்தாக வேண்டும். இது தூய்மைக் குறைவின் அடையாளம் அன்று. வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் ஒரு குழந்தையின் தலையைச் சுட்டிப் பேசுவது, பேன் ஒழிந்து பல ஆண்டு கழிந்த பின்னும் அவள் மனத்தில் தங்கிவிடும்.

இத்தனை வேலைக்கும் ஈடாக அந்த அரை மணி நேரம் தருவது ஒன்று உண்டு. தலை பின்னும்போது மகள் முன்னே அமர்ந்திருக்கிறாள், தாய் பின்னே இருக்கிறாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்காத குழந்தை, முடியைப் பின்னும் கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசத் தொடங்கிவிடுகிறது. யார் இன்று பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாள், எந்தக் கணக்கு புரியவில்லை, வேனில் எந்தப் பையன் ஜடையைப் பிடித்து இழுக்கிறான் என்பவை எல்லாம் வெளிவருவது அப்போதுதான். பெற்றோருக்கு மகளிடமிருந்து செய்தி கிடைக்கும் வழிகளில் இதைவிட நம்பகமானது வேறில்லை என்றே சொல்லலாம்.

அந்த வழி ஏன் தாய்க்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் ஆம்பூர் வட்டாரத்தின் தோல் காலணித் தொழிற்சாலைகளுக்கும் செல்லும் தாய்மார், மருத்துவமனைகளில் காலை முறைப்பணி பார்க்கும் செவிலியர், விடியுமுன் கிளம்பும் தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரின் வீடுகளில் மகள் விழிக்கும்போது தாய் பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. அங்கெல்லாம் பாட்டியின் கையோ, மூத்த அக்காளின் கையோ தலை பின்னுகிறது. அக்காளுக்கு வயது பன்னிரண்டாக இருந்தால் அவளது காலை நேரம் தங்கைக்குக் கைமாறிவிட்டது என்பதே பொருள். தந்தை பின்னும் வீடுகள் பெருகி வருகின்றன என்றாலும் அது இன்னும் பாராட்டிச் சொல்லப்படும் செயலாகவே இருக்கிறது. தாய் பின்னுவதை யாரும் பாராட்டிச் சொல்வதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வெவற்றில் கழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியது. குடும்பத்தினரைப் பராமரிக்கும் ஊதியமற்ற பணியில் ஈடுபட்ட ஆண்கள் 14 விழுக்காட்டினர், அவர்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 76 நிமிடம். பெண்களில் ஈடுபட்டோர் 27.6 விழுக்காட்டினர், அவர்கள் செலவிட்டது 134 நிமிடம் என்று அது தெரிவிக்கிறது. மூன்று கால் பின்னலைக் கற்றுக்கொள்ள ஒரு தந்தைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். முதல் வாரம் வகிடு கோணலாகத்தான் வரும். மகள் அதைப் பொறுத்துக்கொள்வாள்.

தலை பின்னும் அரை மணி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தம்பியின் தலைக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. ஆகவே அவன் தூங்குகிறான், இவள் எழுப்பப்படுகிறாள். 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. ஐந்தரைக்கு எழ வேண்டிய சிறுமி இரவு எட்டரைக்குள் உறங்கியிருக்க வேண்டும். கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அது நடப்பதில்லை. முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று சிறுமி விரும்பினால், அதைப் பாட்டியின் மனவருத்தத்துக்கு அஞ்சித் தள்ளிப்போடாமல் அவள் விருப்பத்துக்கு விடுவது நல்லது. நீண்ட சடையை விரும்புகிறவளுக்கு அதன் இன்பங்கள் காத்திருக்கின்றன: மல்லிகை மலிந்து கிடக்கும் கோடையில் மொட்டுகளை வரிசையாகத் தைத்துச் சடை முழுவதும் மூடி, ஸ்டுடியோவுக்கு அழைத்துச் சென்று, பின்னால் கண்ணாடி வைத்து முகமும் சடையும் ஒருங்கே தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களின் ஆல்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்தப் படங்களில் பல சிறுமியர் சிரிப்பதில்லை. தலையின் பாரம் அப்படி.

தட்டும் மாத்திரையும்

உணவைப் பொறுத்தவரை வெளிப்படையான பாகுபாடு பெரிதும் குறைந்துவிட்டது. மகனுக்கு முட்டை, மகளுக்குக் குழம்பு என்று பரிமாறும் வீடுகளை இன்று எவரும் நியாயப்படுத்துவதில்லை. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்ட காலை உணவுத் திட்டமும், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான சிறுமியின் தட்டில் இருவேளை உணவை உறுதி செய்திருக்கின்றன. அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு அடுப்படியிலிருந்து கொஞ்ச நேரத்தையும் மீட்டுத் தந்திருக்கின்றன. ஆயினும் இரத்தசோகை என்னும் குறைபாடு, அதாவது இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் பொருள் தேவையான அளவுக்குக் கீழே இறங்கும் நிலை, பெண்பிள்ளைகளை விடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் இக்குறைபாடு இருந்தது. அந்த இடைவெளிக்கு மாதவிடாய் ஒரு காரணம்; அதற்கு முந்திய பத்தாண்டில் உடலில் சேராமற்போன இரும்புச்சத்து மற்றொரு காரணம். 5 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரையும் 10 வயதுக்கு மேல் நீல மாத்திரையும் வழங்க அரசுத் திட்டம் உள்ளது. குமட்டுகிறது என்று குழந்தை அதைத் துப்பிவிட்டு வருவதை வீட்டார் கவனித்து, வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப் பின் விழுங்கச் சொல்லித் தருவது போதும்.

மணலில் கட்டிய வீடு

கடவுளரையும் பெருமக்களையும் குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை, குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இறுதி மூன்றில் வழிகள் பிரிகின்றன: ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண்பாலுக்குப் பொதுவாக அம்மானை, நீராடல், ஊசல். அம்மானை என்பது காய்களைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஆட்டம், ஊசல் என்பது ஊஞ்சல். சிறுபறை கொட்டுவதும் சிறுதேர் உருட்டுவதும் தெருவில் நடப்பவை. அம்மானையும் ஊசலும் வீட்டின் எல்லைக்குள்ளேயே ஆடக்கூடியவை. சிற்றில் பருவத்தின் பொருள் இன்னும் கூர்மையானது. சிற்றில் என்றால் சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் சிறுவீடு. அதைக் காலால் சிதைக்க வரும் ஆண் குழந்தையிடம் அழிக்காதே என்று அந்தச் சிறுமியர் கெஞ்சுவதாகப் பாடுவதே அப்பருவத்தின் மரபு. கட்டியவள் சிறுமி, பருவம் அவன் பெயரில் அமைந்திருக்கிறது. கவிதையாக அது இனிமையானதே. ஆனால் பெண்பிள்ளையின் விளையாட்டு எந்நேரமும் பிறர் கலைத்துவிடக்கூடியது என்ற எண்ணம் எவ்வளவு பழையது என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது.

இன்றைய மாலையின் கணக்கு எளிது. பள்ளி நாலே காலுக்கோ நாலரைக்கோ விடுகிறது. வீடு வந்து கை கால் கழுவி எதையாவது தின்று முடிக்க ஐந்து மணி. மார்கழியில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தே முக்கால், ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனியில் ஆறரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஆக, பகல் வெளிச்சத்தில் விளையாட ஒரு சிறுமிக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். 5 முதல் 17 வயது வரையிலானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. எலும்பு வலுப்பெறும் வயது இது. முதுமையில் முறியும் இடுப்பெலும்பின் கதை பத்து வயதின் ஓட்டத்திலிருந்தே தொடங்குகிறது. வெளிச்சமும் தேவையும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன என்பதால், இடையில் யாராவது பத்து நிமிடம் எடுத்தாலும் அது தேவையிலிருந்தே எடுக்கப்படுகிறது.

எடுப்பவர்கள் அன்புடையவர்கள்தாம். “பாப்பா, தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கோ”, “கொடியில துணி கிடக்கு, எடுத்து மடிச்சு வை”, “கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கிட்டு வா” என்னும் குரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானவை. அக்குரல்கள் பெரும்பாலும் யாரை நோக்கி எழுகின்றன என்பதைக் கேட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். மேலே குறிப்பிட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஆறு வயது நிரம்பியவர்கள் முதற்கொண்டு அனைவரையும் கணக்கில் எடுத்தது. அதாவது பேதைப் பருவத்துச் சிறுமியின் நாளும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. சமையல், கூட்டல், துவைத்தல் போன்ற ஊதியமற்ற வீட்டுவேலைகளில் ஆண்களில் 26.1 விழுக்காட்டினரும் பெண்களில் 81.2 விழுக்காட்டினரும் ஈடுபட்டிருந்தனர். ஈடுபட்டோர் செலவிட்ட சராசரி நேரம் ஆண்களுக்கு 97 நிமிடம், பெண்களுக்கு 299 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. இந்த 299 நிமிடம் திருமண நாளன்று ஒரே பொழுதில் ஒரு பெண்ணின் தலையில் ஏறுவதில்லை. எட்டு வயதில் பத்து நிமிடமாக, பத்து வயதில் அரை மணியாக, பழகப் பழக ஏறுகிறது.

வீட்டுவேலையைக் கற்பது தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தன் தட்டைத் தானே கழுவவும், துணியை மடிக்கவும், சோறு வடிக்கவும் தெரியாத பிள்ளை வளர்ந்த பின் இன்னொருவரின் நேரத்தில்தான் வாழும். கோளாறு வேலையில் இல்லை, அதற்குச் சொல்லப்படும் காரணத்தில் இருக்கிறது. மகன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் அம்மாவுக்கு உதவுகிறான் என்கிறார்கள். மகள் தூக்கினால் “நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற புள்ள, பழகட்டும்” என்கிறார்கள். முன்னது ஈகை, பின்னது பயிற்சி. ஒரே வேலை இருவர் கையில் இருவேறு பெயர் பெறும்போது, தன் மாலை தனக்கு உரியது அன்று என்பதைச் சிறுமி யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறாள். சாப்பிட்டவர் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது என்ற ஒரு வழக்கத்தை அப்பாவிலிருந்து தொடங்கிக் கடைக்குட்டிவரை ஒரு வீடு பின்பற்றினால், அது மகளுக்கு ஒவ்வொரு நாளும் சில நிமிடங்களைத் திருப்பித் தரும். மகனுக்கு அதைவிடப் பெரியதைத் தரும்.

விளையாட்டிலும் ஒரு சொல் தேவை. பாண்டி, ஐந்தாங்கல், பல்லாங்குழி ஆகியவற்றைப் பெண்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கி வைப்பது அவற்றுக்குச் செய்யும் அநீதி. பதினான்கு குழிகளில் சோழியையோ புளியங்கொட்டையையோ பிரித்துப் போட்டுக்கொண்டே, எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று மனத்துக்குள் கணக்கிடும் சிறுமி கூட்டல், கழித்தலுக்கு அப்பாற்பட்ட ஒன்றைப் பழகுகிறாள். ஒற்றைக்காலில் நின்று குனிந்து சில்லை எடுக்கும் பாண்டியாட்டம் உடலின் சமநிலைக்கு நல்ல பயிற்சி. தாழ்வாரத்தில் இவற்றை ஆடுவது விருப்பமாக இருக்க வேண்டும். தெருவுக்குப் போக விடாததால் கிடைத்த மாற்றாக இருக்கக் கூடாது. மட்டையைப் பிடித்துக் கொண்டு நிற்கும் பையன்களிடம் தானும் ஆட வருவதாகச் சொல்லும் பெதும்பைக்குப் பின்னால் வீட்டாரில் ஒருவராவது நிற்க வேண்டியிருக்கிறது.

அச்சத்தின் விலை

மாலையைச் சுருக்கும் மற்றொன்று அச்சம். அதைப் பொய் என்று எவரும் தள்ளிவிட முடியாது. 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும், ஆண் பெண் வேறுபாடின்றி, பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்காமலிருப்பதையும் அச்சட்டம் குற்றமாக்குகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சிறுமி தன் தாயின் கைப்பேசி எண்ணோடு சேர்த்து மனப்பாடம் செய்திருப்பது நல்லது. ஆனால் இக்குற்றங்களைச் செய்வோரில் மிகப் பெரும்பாலோர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள் என்பது வழக்குகளில் திரும்பத் திரும்ப வெளிப்படும் உண்மை. எனவே ஐந்து மணிக்குத் தெருவில் நாலு பேர் பார்க்க விளையாடும் சிறுமியை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவதால் பாதுகாப்புக் கூடிவிட்டதாகப் பெற்றோர் கொள்ளும் நிம்மதிக்குப் போதிய ஆதாரம் இல்லை. ஆளில்லாத தெருவைவிடப் பிள்ளைகள் நிறைந்த தெரு எப்போதும் பாதுகாப்பானது. ஒரு வீட்டார் மகளை உள்ளே அழைக்கும்போது வெளியே மிஞ்சும் சிறுமிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது.

காப்பாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, உடலுறுப்புகளின் பெயர்கள். கண், காது, மூக்கு என்று சொல்லிக் கொடுக்கும் வீடுகள், தொப்புளுக்குக் கீழே வந்ததும் கொஞ்சுமொழிக்கோ ‘ச்சீ’ என்ற சொல்லுக்கோ மாறிவிடுகின்றன. பெயரில்லாத உறுப்புக்கு நேர்ந்ததைக் குழந்தை எந்தச் சொல்லால் சொல்லும்? இரண்டு, மறுக்கும் உரிமை. “மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு” என்று விருந்தினர் முன்னிலையில் மகளை முன்னே தள்ளுவது பாசத்தின் பெயரால் நடக்கிறது. அவள் பின்வாங்கினால் மரியாதை தெரியாதவள் என்று கண்டிக்கப்படுகிறாள். கை கூப்பி வணக்கம் சொல்வது மரியாதைக்குப் போதுமானது. தன் உடலின் மீது தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதை ஐந்து வயதில் வீட்டுக் கூடத்தில் அறியாதவள், பதினைந்து வயதில் வேறோர் இடத்தில் அதை அறிந்துகொள்வாள் என்று எதிர்பார்க்க முடியாது.

சிறுவாடும் செல்வமகளும்

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துத் தாய்மார் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் மறைத்து வைத்த சிறுவாடு பெரும்பாலும் மகளுக்கான பொட்டுத் தங்கமாகவே மாறியது. 2015-இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் 10 வயதுக்குட்பட்ட மகளின் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ கணக்குத் தொடங்கி, ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் முதல் அதிகபட்சம் 1.5 இலட்சம் ரூபாய் வரை 15 ஆண்டு செலுத்தலாம். கணக்கு முதிர்வது 21 ஆண்டில். மகளுக்கு 18 வயதானதும் மேற்படிப்புக்காகப் பாதிவரை எடுக்க விதி இடம் தருகிறது. தமிழில் இதைப் பேசும்போது கல்யாணத்துக்குச் சேர்க்கிறோம் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். படிப்புக்கு என்று மகள் காதுபடச் சொல்வதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. நாடு முழுவதற்கும் அது 2005-இல் வந்தது. ஆயினும் வீடு கட்டும்போது மாடி யாருக்கு, கீழ்த்தளம் யாருக்கு என்று பிள்ளைகளின் முன்னிலையில் நடக்கும் பேச்சில் மகளின் பெயர் அடிபடாத வீடுகள் ஏராளம். அவள் அதையும் கேட்டுக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

முதுகு காட்டி அமர்ந்திருக்கும்போது

பெதும்பைப் பருவத்தின் முடிவில் வருவது பூப்பு. பெண்பிள்ளைகளின் உடலில் வளர்ச்சிக்கான முதல் மாற்றங்கள் 8 முதல் 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், முதல் மாதவிடாய் பெரும்பாலும் அதிலிருந்து இரண்டு, இரண்டரை ஆண்டில் வருகிறது. எட்டு வயதுக்கு முன்பே மாற்றம் தெரிந்தால் குழந்தைநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆகவே ஒன்பது வயது முடிவதற்குள் இதைப் பற்றி மகளிடம் ஒருமுறையாவது பேசியிருக்க வேண்டும். பேசாத வீடுகளில் அது பள்ளிக் கழிப்பறையில், தனக்கு ஏதோ நோய் என்ற நடுக்கத்தோடு அவளுக்குத் தெரியவருகிறது.

மஞ்சள் நீராட்டு விழாவின் வழக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. தாய்மாமன் சீர், உறவினர் வருகை, புதுப்பட்டு ஆகியவற்றில் மகிழும் சிறுமியரும் உண்டு. தன் உடலில் நிகழ்ந்ததைச் சாலையோரப் பேனரில் தன் படத்தோடு அச்சிட்டு வைத்ததைக் கண்டு மறுவாரம் வகுப்புக்குப் போகக் கூசும் சிறுமியரும் உண்டு. எந்த வகையைச் சேர்ந்தவள் தன் மகள் என்பதை அவளிடமே கேட்டு அறியலாம். விழா நடத்துவதற்கு முன் மண்டபம் காலியாக இருக்கிறதா என்று கேட்பவர்கள் அவளிடம் கேட்பதில்லை.

இந்தப் பேச்சை எப்போது, எப்படித் தொடங்குவது என்று தடுமாறும் தாய்மாருக்கு ஏற்ற இடம் தலை பின்னும் இடம்தான். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாம்பிராணிப் புகை காட்டி, முடி உலர்ந்துகொண்டிருக்கும்போது வேனும் வராது, மணியும் அடிக்காது. பத்து வயது மகள் முன்னே அமர்ந்து ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள்; தாயோ தந்தையோ சிக்கெடுத்துக்கொண்டே, உடம்பு இனிமேல் எப்படி மாறும், இரத்தம் எங்கிருந்து வரும், எத்தனை நாள் இருக்கும், அலமாரியில் துணி எங்கே வைத்திருக்கிறது என்பதைச் சோறு வடிப்பதைப் பற்றிச் சொல்லும் அதே குரலில் சொல்கிறார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. வகிடு எடுக்கும்வரை அமைதியாக இருந்துவிட்டு, அதற்கப்புறமும் தெருவில் விளையாடப் போகலாமா என்று கேட்கிறாள்.